ஒரே நாளில் என்சான்ட்மென்ட்ஸ்: ஏற்றத்தைவிட இறக்கம்தான் கடினம்

கேள்வி: சியாட்டிலில் இருக்கிறோம். 10 மைல் வரை மலையில் நடந்து பழக்கம் உண்டு. செப்டம்பர் கடைசியில், லார்ச் என்ற ஊசியிலை மரங்கள் மஞ்சளாகும் சமயத்தில், வாஷிங்டன் மாநில மலைமேல் இருக்கும் என்சான்ட்மென்ட்ஸ் ஏரிகளை ஒரே நாளில் நடந்து முடிக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் இது சுமார் 18 மைல், 10 முதல் 14 மணி நேர நடை. இரவு தங்கத்தான் குலுக்கலில் தரும் அனுமதி வேண்டும். பகல் நடைக்குப் பாதை தொடங்கும் இடத்திலேயே இலவசச் சீட்டு எழுதிக்கொள்ளலாம். நாய்க்கு அனுமதி இல்லை.

ஸ்டூவர்ட் ஏரிப் பாதையில் தொடங்கி ஸ்னோ ஏரிகள் பக்கம் இறங்குங்கள். தொடக்கம் 3,400 அடி, முடிவு 1,300 அடி. எதிர்த்திசையில் போனால் அந்த வித்தியாசமும் ஏற்றத்தில் சேரும். ஒரு காரை முதலிலேயே ஸ்னோ ஏரிகள் பார்க்கிங்கில் விட்டுவிடுங்கள்.

காலை 5 மணிக்குக் கிளம்பினால் 4 மைலில் கோல்சக் ஏரி. அதன் தென்கரைப் பாறைக் குவியலைத் தாண்டியதும் ஆஸ்கார்டு கணவாய்: முக்கால் மைலில் சுமார் 2,200 அடி ஏற்றம். இடது பக்கமாகவே ஏறுங்கள். நடுவில் பனி இருந்தால் அடியில் ஓடை ஓடும். மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே வெற்றிடம், காலை வைத்தால் உடைந்து உள்வாங்கும். செப்டம்பர் கடைசியில் புதுப்பனியும் விழலாம். மைக்ரோஸ்பைக்ஸ் (பனியில் வழுக்காமலிருக்க ஷூவில் மாட்டும் முள்பட்டை) பையில் இருக்கட்டும்.

11 மணிக்குள் கணவாய் உச்சியை எட்டவில்லையா? வந்த வழியே திரும்பிவிடுங்கள். இதில் தயவுதாட்சண்யம் வேண்டாம். முன்னே இன்னும் 12 மைல் இருக்கிறது, அந்தச் சமயத்தில் 7 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்.

மேலே மலை ஆடுகள் அருகிலேயே வரும், உப்புக்காக. சிறுநீரைச் செடிமேல் கழிக்காதீர்கள். உப்பைத் தேடி ஆடுகள் செடியைத் தோண்டிவிடும். பாதையிலிருந்து விலகி, வெறும் பாறைமேல் கழியுங்கள்.

பலரும் தளர்ந்துபோவது விவியன் ஏரிக்குக் கீழேதான். சரிவான கிரானைட் பாறையில் அடித்த இரும்புக் கம்பிகள்தான் அங்கே படிகள். ஈரமாக இருந்தால் வழுக்கும், முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பி இறங்குங்கள். கணவாயிலிருந்து மொத்தம் 6,500 அடி இறக்கம். முட்டிக்கு இரண்டு கைத்தடிகள் அவசியம். இரண்டு நாள் முன்பே கால் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். விவியனில் ஷூ நாடாவைக் கணுக்காலருகே இறுக்கிக் கட்டுங்கள். பாதம் முன்னே சறுக்கினால்தான் பெருவிரல் நகம் கறுக்கும்.

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீரும் ஒரு ஃபில்டரும் போதும், வழியெங்கும் ஏரிதானே. ஹெட்லாம்ப் மட்டும் ஆளுக்கு ஒன்று.