வலையில் வந்தது போதாது, வளையில் இருப்பதையும் எடுங்கள்

கேள்வி: கும்பகோணம் பக்கம் அரை ஏக்கர் குட்டையில் கட்லா, ரோகு, மிருகால் விட்டிருக்கிறேன். இழுவலையில் தோல் கல் மாதிரி இருக்கும் கறுப்பு மீன் நிறைய வருகிறது. வலை கிழிகிறது, கரையிலும் ஓட்டை. இது என்ன மீன், எப்படி ஒழிப்பது?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது டேங்க் கிளீனர். தென் அமெரிக்க மீன். கண்ணாடித் தொட்டிக்கென்று விரல் நீளத்தில் வாங்குவார்கள். ஒன்றரை அடி வரை வளர்ந்ததும் பாவம் பார்த்து ஏரியிலோ வாய்க்காலிலோ விட்டுவிடுவார்கள். உங்கள் குட்டைக்கும் வாய்க்கால் தண்ணீரோடுதான் வந்திருக்கும்.

ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். வாய் தலைக்கு அடியில் வட்டமாக, உறிஞ்சி ஒட்டுகிற மாதிரி இருக்கும். வயிற்றில் புழு நெளிந்தது போன்ற கோடுகளோ புள்ளிகளோ தெரியும். மேலெல்லாம் செதிலுக்குப் பதில் எலும்புத் தகடுகள். நம் கெளுத்திக்கும் தேளிக்கும் இந்தத் தகடு கிடையாது. மலை ஓடைகளில் பாறையில் ஒட்டும் சின்ன நாட்டு மீன் ஒன்று உண்டு, அதற்குச் செதில் இருக்கும். அதைக் கொன்றுவிடாதீர்கள்.

இது பாசியையும் அடிமண்டியையும் சுரண்டித் தின்பதால் முதல் அடி, தரையில் மேயும் மிருகாலுக்குத்தான். ஆனால் எனக்குப் பெரிய கவலை உங்கள் கரை. ஆண் மீன் கரையில் இரண்டு மூன்று அடி ஆழத்துக்கு வளை தோண்டும், பெண் அதில் முட்டையிடும், ஆண் காவல் இருக்கும். எத்தனை முறை வலை இழுத்தாலும் வளைக்குள் இருப்பது சிக்காது. அதனால்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

சித்திரையில் வளர்ப்பு மீனை முழுதும் பிடித்துவிட்டுத் தண்ணீரை இறையுங்கள். நீர் வற்ற வற்ற வளை வாய்கள் வெளியே தெரியும். கையை விடாதீர்கள், முதுகு முள்ளும் பக்கத் துடுப்பு முள்ளும் விறைத்து நின்று கிழித்துவிடும். மண்வெட்டியால் வெட்டித் திறந்து, தடித்த கையுறையோடு எடுங்கள். மஞ்சள் முட்டைக் கொத்து இருந்தால் அதையும் விடக்கூடாது. வலையில் முள் மாட்டினால் இழுக்காமல் இரண்டு கண்ணியை அறுத்துவிடுங்கள், பிறகு தைத்துக்கொள்ளலாம்.

முழுதும் இறைக்க முடியாவிட்டால் ஒரு அடித் தண்ணீர் நிறுத்தி, மீனைக் கொல்லும் இலுப்பைப் பிண்ணாக்கு 150 கிலோ ஊறவைத்துத் தெளியுங்கள். இந்த மீன் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைக்கும், ஆகவே பிண்ணாக்கை மட்டும் நம்பாமல் வளைகளையும் வெட்டுங்கள். குஞ்சு விட மூன்று வாரம் பொறுங்கள்.

பிடித்ததைக் கரையில் எறிந்துவிட்டுப் போகாதீர்கள். காலையில் ஈரச் சாக்கில் கட்டிப் போட்ட மீன், சாயங்காலம் அவிழ்த்தபோது வாலை அடித்ததை நானே பார்த்திருக்கிறேன். தலையில் ஓங்கி ஒரு அடி கொடுத்து, உயிர் போனதை உறுதி செய்துகொண்டு குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். நல்ல தண்ணீர் மீன் என்றால் நறுக்கி, சம எடை வெல்லம் சேர்த்து, பயிருக்குத் தெளிக்கும் மீன் அமிலமாக்கலாம். சாக்கடை கலக்கும் வாய்க்கால் என்றால் அது வேண்டாம்.

அப்புறம், தண்ணீர் விடும் குழாய் வாயில் நெருக்கமான நைலான் வலையை இரண்டு மடிப்பாகக் கட்டிவிடுங்கள். வாய்க்காலிலும் இந்த மீன் இருந்தால் மீன்வளத் துறை அலுவலகத்தில் சொல்லி வையுங்கள்.