பெட்ரோல் மஸ்டாங்: இப்போதே வாங்கலாமா?

கேள்வி: இரண்டு வருடமாக பேட்டரியில் பறக்கும் ஃபோம் விமானங்களை ரேடியோ கன்ட்ரோலில் ஓட்டி வருகிறேன். கற்றுக்கொள்பவர்களுக்கான டிரெயினரில் ஆரம்பித்து, இப்போது தாழ்ந்த இறக்கை விமானம் வரை வந்துவிட்டேன். தெரிந்த ஒருவர் 50 சிசி பெட்ரோல் என்ஜின் வைத்த பி-51 மஸ்டாங் போர் விமான மாடலை விற்கப் போகிறார். இறக்கை 2.2 மீட்டர், எடை 10 கிலோ. அந்தச் சத்தத்தைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு. கிளப்பில் பெரியவர்கள் "இன்னும் மூணு வருஷம் போகட்டும்" என்கிறார்கள். என் மனைவிக்கு "விரல் போயிடும்" என்ற பயம். வாங்கலாமா, வேண்டாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு ஆசைகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று பெட்ரோல் என்ஜின், இன்னொன்று போர் விமானம். இரண்டும் வேறு வேறு வித்தை. தனித்தனியாகக் கற்றால் இரண்டுமே கைக்கு வரும். ஒரே விமானத்தில் இரண்டையும் சேர்த்துக் கற்கப் போனால்தான் மஸ்டாங்கைப் பையில் அள்ளிக்கொண்டு வர வேண்டியிருக்கும். பெரியவர்கள் சொல்வதும் இதைத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த வருடக் கணக்கில் எனக்கு நம்பிக்கையில்லை. வாராவாரம் களத்துக்குப் போய் இறக்கிப் பழகுகிறவர் சீக்கிரம் தயாராகிவிடுவார். எப்போதாவது எட்டிப் பார்ப்பவருக்கு மூன்று வருடமும் போதாது.

என்ஜினிலிருந்து ஆரம்பிக்கலாம். சத்தத்துக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால், அது டூ-ஸ்ட்ரோக்கா ஃபோர்-ஸ்ட்ரோக்கா என்று விற்பவரிடம் கேளுங்கள். நிஜ மஸ்டாங்கில் இருந்தது 12 சிலிண்டர், 27 லிட்டர் மெர்லின் என்ஜின். ஒற்றை சிலிண்டர் 50 சிசி டூ-ஸ்ட்ரோக்கோ மரம் அறுக்கும் மெஷினுக்கு நெருங்கிய சொந்தம். குரலும் அதே குரல்தான். அதுதான் பிடித்திருக்கிறது என்றால் சரி. அடித்தொண்டையில் உறுமுகிற மாதிரி வேண்டும் என்றால் ஃபோர்-ஸ்ட்ரோக் பெட்ரோல் என்ஜின்கள் இருக்கின்றன. விலையும் எடையும் கூடுதல்.

பெட்ரோல் என்ஜினை ஓட்டுவது நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. கார்புரேட்டரில் இரண்டு ஊசிகள்: எல் என்பது மெதுவான ஓட்டத்துக்கும் அங்கிருந்து வேகம் எடுப்பதற்கும், ஹெச் முழு வேகத்துக்கும். ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் அடிக்கடி தொட வேண்டியதில்லை. கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாகப் போகும்படி வைப்பது நல்லது; குறைத்து வைத்தால் என்ஜின் சூடாகி, வேண்டாத நேரத்தில் நின்றுபோகும். ஆயில் கலவைக்கு என்ஜினோடு வந்த கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு; பெரும்பாலும் 30:1 முதல் 50:1 வரை இருக்கும். மெத்தனாலில் ஓடும் க்ளோ என்ஜினுக்குப் போடும் சிலிக்கான் குழாயை இதில் போட்டுவிடாதீர்கள். பெட்ரோல் பட்டால் அது ஊறி, கொழகொழவென்று ஆகிவிடும்.

உங்கள் மனைவியின் பயம் நியாயமானது. 50 சிசி என்ஜினில் பொதுவாக 22 அங்குல ப்ரொப்பெல்லர் மாட்டுவார்கள். அது நிமிடத்துக்கு 6,500 சுற்று சுற்றும்போது நுனியின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 680 கிலோமீட்டர். எலக்ட்ரிக் மோட்டாரும் கையைக் கிழிக்கும், ஆனால் இது வேறு ரகம். ஸ்டார்ட் செய்யும்போது விமானத்தை இன்னொருவர் பின்னாலிருந்து பிடித்திருக்க வேண்டும், அல்லது வாலைக் கட்டிப்போட வேண்டும். கையில் தடித்த உறை இருக்கட்டும். ஓடத் தொடங்கியதும் ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் வந்துவிடுங்கள். ஊசியைத் திருகுவதெல்லாம் அங்கிருந்துதான். இக்னிஷன் ஆஃபில் இருந்தாலும் ஆனில் இருப்பதாக நினைத்தே ப்ரொப்பெல்லரைத் தொடுங்கள். பலர் கவனிக்காத ஒன்று, கழுத்திலிருந்து தொங்கும் டிரான்ஸ்மிட்டர் பட்டை. என்ஜின் மேல் குனிகிற நேரத்தில் அது நேராக ப்ரொப்பெல்லரை நோக்கித் தொங்கும். முதலில் அதைக் கழற்றி வையுங்கள். இக்னிஷனை டிரான்ஸ்மிட்டரிலிருந்தே அணைக்கும் கில் சுவிட்ச் அந்த மஸ்டாங்கில் இல்லையென்றால், பறக்கவிடும் முன் முதல் செலவு அதுதான். சிக்னல் போனால் த்ராட்டில் தானாக அடங்குகிறதா, இக்னிஷன் அணைகிறதா என்பதையும் தரையிலேயே சோதித்துவிடுங்கள்.

இனி போர் விமானம். நடுவானில் மஸ்டாங் அருமையான விமானம். பெரிய மாடல் என்பதால் உங்கள் ஃபோமை விட நிதானமாகவே பறக்கும்; காற்றுக்கும் அவ்வளவாக அலையாது. வம்பெல்லாம் தரைக்குப் பக்கத்தில்தான்.

வால் சக்கர விமானம் இது. கிளம்பும்போது த்ராட்டிலைச் சட்டென்று முழுதாகத் திறந்தால் மூக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டு போகும். மெதுவாகத் திறந்து, வால் பக்கம் மூக்கைத் திருப்பும் ரட்டரை வலது பக்கம் கொடுத்துப் பிடித்துக்கொண்டே நேராக ஓடவிட வேண்டும். ஃபோம் விமானத்தில், தானாகவே நிலைப்படுத்தும் ஜைரோ இந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்திருக்கும். அப்படியென்றால் உங்கள் இடது கட்டைவிரலுக்கு ரட்டர் இன்னும் பழக்கமாகியிருக்காது. இன்றே ஜைரோவை அணைத்துவிட்டுப் பறந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

இறங்கும்போது ஆபத்து வேறு மாதிரி. டிரெயினர் போல மிதந்து வரும் என்று வேகத்தைக் குறைத்து, மூக்கைத் தூக்கிக்கொண்டே வந்தால் ஏதாவது ஒரு இறக்கையின் நுனி முதலில் தூக்குச் சக்தியை இழக்கும். அந்தப் பக்கம் அப்படியே சாயும். பதறிப்போய் முழு த்ராட்டில் கொடுத்தால் என்ஜினின் முறுக்குவிசை அதை இடது பக்கம் இன்னும் உருட்டிவிடும். தரையிலிருந்து ஐந்து மீட்டரில் இது நடந்தால் காப்பாற்ற நேரமில்லை. அதனால் இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப்பை இறக்கி, கொஞ்சம் த்ராட்டிலை வைத்துக்கொண்டே ஓடுதளத்தின் மேல் வரை வாருங்கள். முன் சக்கரங்கள் இரண்டும் தொட்ட பிறகு வால் தானாக இறங்கட்டும். அந்த வகையில் நீங்கள் ஆசைப்பட்டது நல்ல விமானம்தான். மஸ்டாங்கின் சக்கரக் கால்கள் அகலமாக நிற்கும். ஸ்பிட்ஃபயர், மெஸ்ஸர்ஷ்மிட் 109 போர் விமானங்கள் இரண்டுக்கும் கால் இடைவெளி குறுகல். ஓடுதளத்தில் லேசாக அசைந்தாலே ஒரு பக்கம் சாய்ந்து இறக்கை நுனி தரையில் உரசப் பார்க்கும்.

பத்து கிலோ விமானம் மணிக்கு 80 கிலோமீட்டரில் வந்து மோதுவதென்றால், எட்டு மாடி உயரத்திலிருந்து அதே பத்து கிலோ விழுகிற வேகம் அது. ஆட்கள் நிற்கும் பக்கம் திருப்பவே கூடாது என்பதற்கு வேறு காரணம் வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம்? 20 அல்லது 30 சிசி பெட்ரோல் என்ஜின் வைத்த, உயர்ந்த இறக்கை உள்ள சாதாரண விமானம் ஒன்றில் என்ஜினைக் கற்றுக்கொள்ளுங்கள். மஸ்டாங்கில் என்ஜின் மூடிய மூக்குக்குள் இருக்கிறது. காற்று உள்ளே வரும் வழியை விட வெளியேறும் வழி பெரிதாக இல்லாவிட்டால் வெந்துபோகும். உயர்ந்த இறக்கை விமானத்தில் அந்தத் தொல்லை குறைவு. கூடவே 1.2 மீட்டர் ஃபோம் மஸ்டாங்கில், ஜைரோ இல்லாமல், இரண்டு திசையிலிருந்தும் இறக்கிப் பழகுங்கள். உயரத்தில் இருக்கும்போதே த்ராட்டிலை அடியோடு குறைத்து, மிதந்தபடி ஓடுதளத்துக்குக் கொண்டுவரப் பழகுவதுதான் இதில் முக்கியம். பெட்ரோல் என்ஜின் நிற்கத்தான் செய்யும். கிளம்பிய உடனே நின்றால் மூக்கை இறக்கி நேராகவே போய் இறங்குங்கள். ஓடுதளத்துக்குத் திரும்பப் பார்க்காதீர்கள். விமானம் உடைந்தாலும் பரவாயில்லை. இதெல்லாம் யோசிக்காமலே கைக்கு வந்துவிட்டால் பெரியவர்களிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை, அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அதற்குள் இந்த மஸ்டாங் கைமாறிவிடுமே என்று கவலையா? பணம் இருந்தால் வாங்கி வையுங்கள், முதல் சில பறப்புகளை அனுபவசாலி ஒருவர் செய்யட்டும். அதற்கு முன் உங்கள் நாட்டில் பதிவும் காப்பீடும் எப்படி என்று பாருங்கள். பல இடங்களில் 250 கிராமைத் தாண்டினாலே பதிவு வேண்டும்.

வாங்கும்போது மூக்கு மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். என்ஜின் பொருத்தியிருக்கும் மரப்பலகையில் ஆயில் ஊறியிருக்கிறதா, விளிம்பில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இறக்கை, வால் பகுதிகளை அசைக்கும் சிறு மோட்டார்களான சர்வோக்களின் கைகளை மெல்ல அசைத்துப் பாருங்கள், பல் தேய்ந்திருந்தால் தெரியும். டேங்க் காலியாக இருக்கும்போது எடைப்புள்ளி, அதாவது விமானம் சமநிலையில் நிற்கும் புள்ளி, கையேட்டில் சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். பின்னால் தள்ளியிருந்தால் சரிசெய்யாமல் பறக்கக் கூடாது. அப்புறம், ஆறிய என்ஜினை உங்கள் கண்முன் ஸ்டார்ட் செய்து, ஒரு சுற்று பறந்து இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் போகும்போதே என்ஜின் சூடாக இருந்தால் ஆறும் வரை காத்திருங்கள். பறந்து காட்ட மாட்டேன் என்று சாக்குச் சொன்னால் விட்டுவிடுங்கள், மஸ்டாங் விற்பவர்களுக்குப் பஞ்சமில்லை.