பருத்திக் கொழுந்து சுருங்குவது வைரஸா, களைக்கொல்லியா?

கேள்வி: 45 நாள் பருத்தி. பக்கத்து வயலில் மக்காச்சோளத்துக்கு 2,4-டி களைக்கொல்லி அடித்தார்கள். ஒரு வாரத்தில் என் பருத்தியின் கொழுந்து இலைகள் வெண்டை இலை போல விரல் விரலாகப் பிரிந்துவிட்டன. கடையில் வைரஸ் என்று பூச்சிமருந்தும், சப்பை (பூமொட்டு) கொட்டாமல் இருக்க பிளானோபிக்ஸும் கொடுத்தார்கள். அடிக்கலாமா?
– பருத்தி விவசாயி, பெரம்பலூர் மாவட்டம்

பதில்: ஐயா, இரண்டையும் அடிக்காதீர்கள். முக்கியமாக, இப்போது பிளானோபிக்ஸ் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள என்.ஏ.ஏ.வும் 2,4-டி.யும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனைப் போலவே வேலை செய்பவை. பட்ட இடத்திலேயே மறுபடி அடிப்பதாகிவிடும்.

செடி தனக்கு வேண்டிய ஆக்சினைத் தானே உண்டாக்கி, வேலை முடிந்ததும் சிதைத்துவிடும். 2,4-டி.யை மக்காச்சோளம் சீக்கிரம் செயலிழக்கச் செய்துவிடுகிறது. பருத்தியால் அது முடிவதில்லை. மருந்து செல்லுக்குள்ளேயே தங்கி, உட்கருவில் வளர்ச்சி மரபணுக்களை அடக்கி வைத்திருக்கும் புரதங்களை அழியச் செய்கிறது. கடிவாளம் போனதும் செல் சுவர் இளகி, செல்கள் கண்டபடி நீள்கின்றன. நரம்புகள் நெருங்கி வளர, அவற்றுக்கு இடையிலுள்ள இலைப்பரப்பு விரியாமல் நின்றுவிடுகிறது. நீங்கள் பார்க்கும் விரல்கள் அவைதான். அளவு கூடினால் எத்திலீன் என்ற வாயு ஹார்மோன் பெருகி, பசுங்கணிகங்களும் செல் சவ்வுகளும் சிதைந்து, குருத்து கருகும்.

முற்றிய இலைகள் நன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அவற்றின் செல்கள் ஏற்கெனவே விரிந்து முடிந்தவை, அதனால் உருவம் மாறாது. வயலில் நடந்தும் பாருங்கள்: மக்காச்சோள வரப்பை ஒட்டி அதிகமாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும் இருந்தால் காற்றில் வந்த மருந்துதான். இலைச்சுருட்டு வைரஸாக இருந்தால் அடிப்பக்க நரம்புகள் தடித்திருக்கும். பாதிப்பும் அங்கொன்று இங்கொன்றாகத் தெரியும்.

உள்ளே போன மருந்தை வெளியே எடுக்க எந்த டானிக்கும் கிடையாது. மண் காயாமல் அளவாகத் தண்ணீர் கட்டுங்கள், வழக்கமான மேலுரம் போதும். மருந்து பட்ட நேரத்தில் குருத்துக்குள் இருந்த இலைகளும் கோணலாகத்தான் வெளிவரும், பயப்பட வேண்டாம். நுனி உயிரோடு இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் நல்ல இலை வரும். நுனி கருகியிருந்தால் பக்கக் கிளை வரும், காய்ப்பு தள்ளிப்போகும்.

பக்கத்து வயல்காரரிடம் பேசுங்கள். 2,4-டி.யில் எஸ்டர் வகை ஆவியாகிப் பரவும், பருத்திக்குப் பக்கத்தில் அது கூடாது. அவருடைய ஸ்பிரேயரை இரவல் வாங்கவும் வேண்டாம். டேங்கில் ஒட்டியிருக்கும் மிச்சமே பருத்திக்குப் போதும்.