ஒன்பது ஆட்டம், ஒன்பது வெற்றி, ஓர் அழைப்பும் இல்லை: 1951 டான்ஸ் அணி பற்றிய கேள்வி பதில்

கே: அமெரிக்கன் ஃபுட்பாலில் பேர்போன கல்லூரிகள் எத்தனையோ இருக்க, சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்களே அண்ணா, ஏன்?

ப: 1951 சீசனில் அந்த அணி ஒன்பது ஆட்டம் ஆடி ஒன்பதிலும் வென்றது. டான்ஸ் என்பது அணியின் பெயர். ஏசு சபையினர் நடத்தும் சிறிய கல்லூரி அது. அந்த ஓர் அணியிலிருந்து ஆலி மேட்சன், ஜீனோ மார்ச்செட்டி, பாப் செயின்ட் கிளேர் என்று மூன்று பேர் பிற்காலத்தில் தொழில்முறை ஃபுட்பாலின் புகழ்மன்றத்துக்குப் போனார்கள். அணிக்கு விளம்பர வேலை பார்த்த இளைஞர் பீட் ரோசெல், 1960 முதல் 1989 வரை, தொழில்முறை ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லின் ஆணையராக இருந்தார். இத்தனை இருந்தும் சீசன் முடிவில் யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை.

கே: எங்கே கூப்பிடவில்லை? இந்த விளையாட்டே எனக்குப் புதிது.

ப: பௌல் ஆட்டங்களுக்கு. அப்போதெல்லாம் சீசன் நவம்பர் கடைசியில் முடிந்துவிடும். புத்தாண்டை ஒட்டி ஆரஞ்சு, சுகர், காட்டன், கேட்டர் என்று பல நகரங்களில் சிறப்பு ஆட்டங்கள் நடக்கும். அந்தக் காலத்தில் தகுதிச் சுற்று எதுவும் கிடையாது. பெரும்பாலும் ஏற்பாட்டாளர்கள் யாரை அழைக்கிறார்களோ அவர்கள் ஆடுவார்கள். டான்ஸின் சொந்த மாநிலமான கலிபோர்னியாவில் ரோஸ் பௌல் நடக்கும். ஆனால் அது பசிபிக் கரைக் கல்லூரிக் கூட்டமைப்புக்கும் பிக் டென் கூட்டமைப்புக்கும் ஒப்பந்தப்படி ஒதுக்கப்பட்டிருந்தது. எந்தக் கூட்டமைப்பிலும் சேராத டான்ஸுக்கு அங்கே இடமில்லை. மிச்சமிருந்த பெரிய பௌல்கள் எல்லாம் தென் மாநிலங்களில். நிறவெறிச் சட்டங்கள் அப்போது அங்கே முழு வலுவோடு இருந்தன.

கே: அணியில் கறுப்பின வீரர்கள் எத்தனை பேர்?

ப: இரண்டே பேர், மேட்சனும் பர்ல் டோலரும். அவர்களை விட்டுவிட்டு வந்தால் அழைப்பு உண்டு என்று சொல்லப்பட்டதாகவும், பயிற்சியாளர் ஜோ குஹாரிச் அதைத் தங்களிடம் தெரிவித்ததாகவும் வீரர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள். அவர்களுடைய பதில் முடியாது என்பதுதான். யோசிக்க அவகாசம்கூடக் கேட்கவில்லை.

அந்த ஆண்டின் சூழலையும் சொல்லியாக வேண்டும். 1951 அக்டோபர் 20 அன்று ஓக்லஹோமாவின் ஸ்டில்வாட்டரில், டிரேக் பல்கலைக்கழகத்தின் கறுப்பின வீரர் ஜானி பிரைட்டின் தாடையை எதிரணி வீரர் ஒருவர் உடைத்தார். பந்து பிரைட்டின் கையில் இல்லாதபோது விழுந்த அடி அது. அதைப் படம்பிடித்தவர்களுக்கு மறு ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. அதே இலையுதிர் காலத்தில்தான் இந்த இருபது வயதுப் பையன்கள் தங்கள் தோழர்களுக்காக ஒரு வார்த்தையில் மறுத்தார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சை அடைக்கும் இடம் இது.

கே: அவர்கள் மோதிய அணிகள் பலவீனமானவை, அழைப்பு வராததற்கு அதுதான் காரணம் என்றும் படித்தேனே சார்?

ப: அப்படியும் காரணம் சொன்னார்கள். அதை அடியோடு தள்ளிவிட முடியாது. சான் ஹோசே ஸ்டேட்டுடன் இரண்டு முறை ஆடினார்கள், கடற்படை, மரைன் முகாம் அணிகளுடனும் ஆடினார்கள். ஆனால் ஸ்டாக்டனில் காலேஜ் ஆஃப் தி பசிபிக் அணியை அவர்கள் 47–14 என்று நொறுக்கினார்கள் அல்லவா? அடிவாங்கிய அந்த பசிபிக் அணிக்கு சன் பௌலில் ஆட இடம் கிடைத்தது. வென்றவர்கள் வீட்டில் இருந்தார்கள். ஆகவே, பலவீனமான எதிரணிகள் என்ற ஒரே காரணத்தை நான் ஏற்கவில்லை.

கே: மேட்சன் அப்படி என்ன பெரிய ஆட்டக்காரர்?

ப: அந்த ஒன்பது ஆட்டங்களில் 1,566 கஜம் பந்தோடு ஓடி, நாட்டிலேயே முதலிடம் பிடித்தார். 21 டச்டவுன், அதாவது எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்தோடு தாண்டிப் புள்ளி எடுப்பது. நியூயார்க்கில் ஃபோர்டம் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில், எதிரணி உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும் கிக்காஃப் பந்தைப் பிடித்து மறுகோடி வரை இரண்டு முறை ஓடினார். டான்ஸ் 32–26 என்று தப்பிப் பிழைத்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் வெண்கலம், தொடர் ஓட்டத்தில் வெள்ளி. 1959-ல் இவர் ஒருவருக்காக லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் என்ற தொழில்முறை அணி ஒன்பது பேரை விட்டுக்கொடுத்தது.

கே: அதன் பிறகு அந்த அணி என்ன ஆனது?

ப: அந்த சீசனோடு கல்லூரி தன் ஃபுட்பால் அணியையே கலைத்துவிட்டது. பணமுடைதான் காரணம். பௌல் வருமானம் வந்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் தாங்கியிருக்கலாம். அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் கல்லூரிகளும் அந்த ஓரிரு ஆண்டுகளில் இதே முடிவைத்தான் எடுத்தன: செயின்ட் மேரிஸ், லயோலா, சான்டா கிளாரா. குஹாரிச் சிகாகோ கார்டினல்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் பயிற்சியாளராகப் போனார். படிப்பு முடியாத செயின்ட் கிளேர் டல்சா பல்கலைக்கழகத்துக்கு மாறினார்.

கே: டோலரைப் பற்றி யாருமே பேசுவதில்லையே, அண்ணா?

ப: நல்லவேளை கேட்டீர்கள். அவர் டென்னசியின் மெம்ஃபிஸ்காரர். மேட்சனும் அவரும் சான் பிரான்சிஸ்கோ சிட்டி காலேஜிலேயே ஒன்றாக ஆடியவர்கள். 1952-ல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் என்ற தொழில்முறை அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் அதே ஆண்டு கல்லூரி நட்சத்திரங்களுக்கான காட்சி ஆட்டத்தில் முழங்கால் போனது. தொழில்முறையில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் முடிந்தது அவருடைய ஆட்ட வாழ்க்கை. சான் பிரான்சிஸ்கோவிலேயே ஆசிரியராகி, பள்ளித் தலைமையாசிரியராகவும் உயர்ந்தார். கூடவே நடுவர் வேலையும் பார்த்தார். 1965-ல் என்எஃப்எல்லின் முதல் கறுப்பின நடுவரானார். அப்போது ஆணையர், பழைய விளம்பர இளைஞர் ரோசெல்தான்.

டான்ஸ் தன் ஒன்பதாவது வெற்றியை, லயோலாவுக்கு எதிரான 20–2 வெற்றியை, பெற்றது பாசடேனாவின் ரோஸ் பௌல் மைதானத்தில். 1980 ஜனவரியில் என்எஃப்எல்லின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் அதே மைதானத்தில் நடந்தபோது, களத்தில் நின்ற நடுவர்களில் ஒருவர் பர்ல் டோலர்.