டோரி: திட்டா, பெயரா?

கேள்வி: பிரிட்டன் அரசியல் செய்திகளை மொழிபெயர்க்கிறேன். ஒரே பத்தியில் 'கன்சர்வேட்டிவ்' என்றும் 'டோரி' என்றும் வருகிறது. இரண்டும் ஒன்றா? டோரி என்பது வசைச்சொல் என்கிறார் நண்பர். அப்படியே எழுதலாமா?

பதில்: இன்றைய பிரிட்டன் செய்தியில் இரண்டும் ஒரே கட்சிதான். உங்கள் நண்பர் சொல்வதும் பாதி சரி. பிறந்தபோது அது வசைதான்.

மூலம் ஐரிஷ் மொழி. துரத்துதல், தேடுதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்த சொல். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரிடம் நிலத்தைப் பறிகொடுத்து, காட்டில் பதுங்கி, குடியேறிகளைக் கொள்ளையடித்த ஐரிஷ்காரர்களுக்கு அந்தப் பெயர். அதாவது, வழிப்பறிக்காரன்.

அது லண்டனுக்கு வந்த கதைதான் சுவையானது. மன்னர் இரண்டாம் சார்லஸின் தம்பி ஜேம்ஸ் கத்தோலிக்கர்; இங்கிலாந்தோ புராட்டஸ்டண்ட் நாடு. அவருக்கு அரியணை போகக்கூடாது என்று 1679 முதல் 1681 வரை நாடாளுமன்றத்தில் பெரிய போராட்டம். ஜேம்ஸின் உரிமைக்காக நின்றவர்களை எதிரணி 'டோரி' என்று ஏசியது. கத்தோலிக்க அயர்லாந்தின் திருடர்களோடு சேர்த்துவிட்டால் போதாதா! இவர்களும் சும்மா இருக்கவில்லை. ஸ்காட்லாந்தின் பிரஸ்பிட்டேரியன் (புராட்டஸ்டண்டில் ஒரு பிரிவு) கலகக்காரர்களுக்கு இருந்த 'விக்' என்ற பட்டத்தை எதிரணிக்குச் சூட்டினார்கள். கடைசியில் இரு தரப்புமே வசையைப் பெயராக வைத்துக்கொண்டன.

'கன்சர்வேட்டிவ்' 1830களில்தான் கட்சிப் பெயராகப் பரவியது. 1834இல் அப்போதைய பிரதமர் ராபர்ட் பீல் வெளியிட்ட டாம்வொர்த் தேர்தல் அறிக்கையை அந்தக் கட்சியின் தொடக்கப்புள்ளியாகச் சொல்வார்கள். பெயர் மாறியும் பழைய சொல் போகவில்லை. ஆங்கிலத்தில் நாலெழுத்தில் முடிகிறதே, தலைப்பு போடுபவர்கள் விடுவார்களா? கட்சிக்காரர்களே தங்களை டோரி என்று சொல்லிக்கொள்கிறார்கள். எதிர்க்கட்சி மேடையில் அதே சொல் பல்லைக் கடித்துக்கொண்டு வரும்.

ஆகவே செய்தி நடையில் 'கன்சர்வேட்டிவ் கட்சி' என்றே எழுதுங்கள். யாராவது பேசியதை மேற்கோள் காட்டும்போது 'டோரி'யை அப்படியே விடுங்கள். அதை மாற்றினால் பேச்சின் காரம் போய்விடும். 'டோரிஸ்கள்' மட்டும் வேண்டாம், அதில் பன்மை இரண்டு முறை வருகிறது. டோரிகள் போதும்.

அப்புறம், 1776ஐ ஒட்டிய அமெரிக்க விடுதலைப் போர் வரலாற்றில் இந்தச் சொல் வந்தால் கவனம். அங்கே டோரி என்றால் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசமாக இருந்த குடியேற்றவாசி. போருக்குப் பின் அவர்களில் பலர் கனடாவுக்குப் போய்விட்டார்கள். அந்த இடத்தில் 'மன்னர் ஆதரவாளர்' என்று எழுதுங்கள்.