அணுமின் நிலையத்தில் இரண்டு டன் பம்பைத் தூக்க ஏன் அரை நாள் பேப்பர் வேலை?

கேள்வி: டிப்ளமோ முடித்து ஓர் ஒப்பந்த நிறுவனத்தில், சுமையைக் கட்டித் தூக்கும் ரிக்கிங் பிரிவில் இருக்கிறேன். இதுவரை சிமென்ட் ஆலை வேலை. அடுத்து அணுமின் நிலைய வேலைக்கு அனுப்பப் போகிறார்கள். அங்கே இரண்டு டன் பம்பைத் தூக்கக்கூட அரை நாள் பேப்பர் வேலை என்கிறார்கள். கிரேனும் அதே கிரேன், சுமையைக் கட்டும் ஸ்லிங்கும் அதே ஸ்லிங். ஏன் இத்தனை கெடுபிடி? போகலாமா?

பதில்:

போகலாம், தாராளமாகப் போங்கள். நான் பல வருடமாகக் கனரகச் சுமை தூக்கும் வேலையில்தான் இருக்கிறேன். சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையம், நடுவில் அணுமின் நிலைய ஷட்டவுன் வேலைகள் என்று பல இடங்களில் கிரேன் பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஸ்லிங்கும் அதை மாட்டும் ஷேக்கிளும் எல்லா இடத்திலும் ஒன்றுதான், அதில் நீங்கள் சொல்வது சரி. வித்தியாசமெல்லாம் சுமைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதில்தான்.

சிமென்ட் ஆலையில் தூக்குவதற்கு முன் என்ன பார்ப்போம்? கிரேன் தாங்குமா, தரை தாங்குமா, கீழே ஆள் யாராவது நிற்கிறார்களா. மூன்றும் சரியென்றால் ஹூக்கை மாட்டிவிடலாம். அணுமின் நிலையத்தில் நான்காவதாக ஒரு கேள்வி வரும். எல்லாம் சரியாக இருந்தும் சுமை விழுந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், அது எதன் மேல் விழும்? கீழே எரிபொருள் இருக்கிறதா? குளிர்விக்கும் நீர்க்குழாய் போகிறதா? அந்தக் குழாய் உடைந்தால் கைகொடுக்க வைத்திருக்கும் இரண்டாவது குழாயும் அதே பாதைக்குக் கீழேதான் போகிறதா? உலையை நிறுத்திவிட்டாலும் எரிபொருளிலிருந்து வெப்பம் வந்துகொண்டே இருக்கும். அதைத் தொடர்ந்து வெளியேற்றியாக வேண்டும். அதனால் "உலை நின்றுதானே இருக்கிறது, இப்போது தூக்கினால் என்ன" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் 1980இல் நியூரெக் 0612 என்ற வழிகாட்டியை வெளியிட்டது. அதில் "கனமான சுமை" என்றால் என்ன என்று சொல்லியிருக்கும் விதத்தைப் பாருங்கள். ஒரே ஓர் எரிபொருள் கட்டும் அதைக் கையாளும் கருவியும் சேர்ந்து எவ்வளவு எடையோ, அதற்கு மேற்பட்ட எதுவும் கனமான சுமைதான். பல உலைகளில் அது முக்கால் டன், ஒரு டன் என்ற அளவில் நின்றுவிடும். ஆக, உங்கள் இரண்டு டன் பம்ப் சிமென்ட் ஆலையில் சில்லறை வேலை, இங்கே கனமான சுமை. எந்தப் பாதையில் கொண்டுபோக வேண்டும் என்று வரைபடம் இருக்கும், தரையிலும் குறித்திருப்பார்கள். அந்தப் பாதையை விட்டு விலகினால் அனுமதி வாங்க வேண்டும். தேவைக்கு மேல் ஓரடி உயரம்கூடத் தூக்கக் கூடாது. கெடுபிடியில் பாதி இதிலிருந்து வருவதுதான்.

மீதிப் பாதி எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு விபத்தைச் சொல்கிறேன். இந்தத் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஆர்கன்சா நியூக்ளியர் ஒன் என்ற நிலையம் இருக்கிறது, இரண்டு உலைகள். 2013 மார்ச் 31 காலை முதல் உலை எரிபொருள் மாற்றத்துக்காக நின்றிருந்தது. இரண்டாவது உலை முழுத் திறனில் ஓடிக்கொண்டிருந்தது. முதல் அலகின் ஜெனரேட்டரில் சுழலாமல் நிற்கும் பாகமான ஸ்டேட்டரை மாற்ற வேண்டும். எடை சுமார் 500 டன். டர்பைன் கூடத்தின் நிரந்தர கிரேனால் அதைத் தூக்க முடியாது என்பதால், இந்த ஒரு வேலைக்காகவே கோபுரங்களும் உத்தரங்களும் கொண்ட தற்காலிக கேன்ட்ரி ஒன்றை நிறுத்தினார்கள். ஸ்டேட்டரைத் தூக்கி நகர்த்தும்போது வடக்குப் பக்கக் கோபுரம் இடிந்தது. ஸ்டேட்டர் டர்பைன் தளத்தில் விழுந்து, அங்கிருந்து கீழே ரயில் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் போய் விழுந்தது. ஒரு தொழிலாளி இறந்தார், எட்டுப் பேர் காயமடைந்தார்கள்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். விழுந்த அதிர்ச்சியிலும் இடிபாட்டிலும் முதல் அலகுக்கு வெளியிலிருந்து வரும் மின்சாரம் போனது. உலைக்குள் எரிபொருள் இருந்தது, குளிர்விப்பு ஓட வேண்டும். அவசர டீசல் ஜெனரேட்டர்கள் எடுத்துக்கொண்டன. அந்த அதிர்ச்சியில் ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையும் தானாக நின்றது. தீயணைப்பு நீர்க்குழாய் உடைந்து தண்ணீர் கொட்டியது. அந்தத் தண்ணீர் போய்ச் சேர்ந்த இடத்தில் இரண்டாவது அலகின் சுவிட்ச்கியர் (மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டி) ஒன்று ஷார்ட் ஆகி, அங்கேயும் மின்சாரத்தில் ஒரு பகுதி போனது. இத்தனையும் உலைக்கட்டடத்துக்கு வெளியே, டர்பைன் பக்கத்தில், அணு சம்பந்தமே இல்லாத ஒரு இரும்புச் சுமை விழுந்ததால். டீசல்கள் ஓடின, கதிர்வீச்சு எதுவும் வெளியே வரவில்லை. ஆனாலும் ஆணையம் இரண்டு அலகுகளுக்கும் மஞ்சள் நிற மதிப்பீடு கொடுத்தது. அவர்கள் அளவுகோலில் சிவப்புக்கு அடுத்த கடுமை அது.

காரணம் என்ன தெரியுமா? அந்தத் தற்காலிக அமைப்பு அந்த எடைக்குப் போதுமானபடி வடிவமைக்கப்படவில்லை. கணக்கை நிலையத்தின் பக்கத்திலிருந்தும் ஒழுங்காகச் சரிபார்க்கவில்லை. எல்லாவற்றையும்விட, லோடு டெஸ்ட் செய்யவில்லை. தூக்கப்போகும் எடையைவிட 25 சதவீதம் கூடுதலாக ஏற்றிச் சோதித்திருக்க வேண்டும். இதே அமைப்பு வேறு இடங்களில் இதைவிடக் கனமானதைத் தூக்கியிருக்கிறது என்று நம்பி அதை விட்டுவிட்டார்கள். நம்பியது தவறு. ஒப்பந்தக்காரர் பார்த்திருப்பார் என்று நிலையத்தார் நினைத்தார்கள். நான் பார்த்தவரையில் பெரிய தூக்குதல்களில் இப்படி நடுவில் நழுவிப் போகும் பொறுப்புதான் அதிகம் பயப்பட வேண்டியது. கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் தினமும் ஓடுகிற ஈஓடி கிரேனில் ஆபத்து குறைவு. அதன் இரைச்சல் மாறினால்கூட ஆபரேட்டருக்குத் தெரியும். ஒரே ஒரு தடவைக்காகக் கொண்டுவந்து நிறுத்தும் அமைப்பை யாருக்கும் பழக்கமில்லை.

மூன்று வருடம் கழித்து அதே மார்ச் 31, 2016இல், பிரான்ஸின் பலுவேல் நிலையத்தில் 465 டன் எடையும் 22 மீட்டர் நீளமும் உள்ள நீராவி உற்பத்திக் கலன் உலைக்கட்டடத்துக்குள்ளேயே சாய்ந்து விழுந்தது. உலையில் எரிபொருள் இல்லாததால் பெரிய ஆபத்து தப்பியது. அங்கேயும் இடறியது அந்த வேலைக்கென்று செய்த தூக்கு அமைப்புதான்.

லோடு டெஸ்டைப் பற்றிப் பேசும்போது ரிச்சர்ட் பார்க்ஸை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1979 மார்ச்சில் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தின் இரண்டாவது உலையில் விபத்து நடந்தபோது கட்டடத்துக்குள் ஹைட்ரஜன் எரிந்தது. மேலே வட்டப்பாதையில் சுற்றும் போலார் கிரேனும் அதில் பாதிக்கப்பட்டது. உலையின் மூடியைத் தூக்கி உருகிய எரிபொருளை எடுக்க அந்த கிரேன்தான் வேண்டும். பழுதுபார்த்துவிட்டு, சோதனை நடைமுறைகளைச் சுருக்கிக்கொண்டு வேலையைத் தொடங்கப் பார்த்தபோது, அங்கே பொறியாளராக இருந்த பார்க்ஸ் 1983இல் வெளிப்படையாக எதிர்த்தார். கீழே கிடப்பது சேதமான எரிபொருள், மேலே போவது நூறு டன்னுக்கு மேற்பட்ட மூடி. அவரை வேலையிலிருந்து ஒதுக்கி வைத்தார்கள். பிறகு அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று தொழிலாளர் துறை சொன்னது. 1984 தொடக்கத்தில் கிரேனுக்கு லோடு டெஸ்ட் நடந்தது, அந்த ஜூலையில் மூடியைப் பத்திரமாகத் தூக்கினார்கள். ஒரு வருடம் போயிற்றே என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்த ஒரு வருடம் வீணாகத் தெரியவில்லை.

எரிபொருளுக்கு மேலே போகும் கிரேன்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எந்த ஒரு பாகம் பழுதானாலும் சுமையை விட்டுவிடாதபடி இவற்றைக் கட்டுவார்கள். ரோப் இரண்டு தனித்தனிப் பாதையில் ஓடும், ஒன்று அறுந்தால் மற்றது பிடிக்கும். பிடித்து நிறுத்தும் பிரேக்குகள் ஒன்றுக்கு மேல் இருக்கும். ஹூக் பிளாக் மேலே போய் இடித்தால் ரோப் அறுந்துவிடும் அல்லவா, அதைத் தடுக்கும் லிமிட் சுவிட்சும் இரண்டு. நிலநடுக்கம் வந்தாலும் தொங்கும் சுமையைப் பிடித்தபடி நிற்க வேண்டும். வேகம் மிகக் குறைவு, சிமென்ட் ஆலையிலிருந்து போகிறவருக்குப் பொறுமை சோதிக்கப்படும். அனுமதித்த பாதையை விட்டு எரிபொருள் குளத்துக்கு மேலே கிரேன் போகாதபடி தானாகத் தடுக்கும் இன்டர்லாக்கும் இருக்கும். அதை "ஐந்து நிமிடத்துக்கு பைபாஸ் பண்ணுங்கள்" என்று யாராவது சொன்னால், எழுத்தில் அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள்.

இவ்வளவு இருந்தும் மனிதக் கண் விலகினால் என்ன ஆகும் என்பதற்கு 2018 ஆகஸ்ட் 3. கலிபோர்னியாவின் சான் ஒனோஃப்ரே நிலையத்தில் பயன்படுத்திய எரிபொருள் நிரம்பிய சுமார் 50 டன் கலன் ஒன்றை நிலத்தடிக் குழிக்குள் இறக்கினார்கள். குழியின் உள்விளிம்பில் கலன் உட்கார்ந்துவிட்டது. இறக்குபவர்களுக்கு அது தெரியவில்லை. ஸ்லிங் தொய்ந்தது, கலன் அடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்தார்கள். உண்மையில் கலனுக்குக் கீழே ஐந்து மீட்டருக்கு மேல் வெற்றிடம், அதைப் பிடித்திருந்தது அந்தச் சிறு விளிம்பு மட்டும். முக்கால் மணி நேரம் போல அப்படியே நின்றது. கதிர்வீச்சு அளவிடும் பணியாளர் ஒருவர், கலன் கீழே போயிருந்தால் மீட்டர் இவ்வளவு காட்டக் கூடாதே என்று பார்த்துச் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. திரும்பத் தூக்கி ஒழுங்காக இறக்கினார்கள். நிலையத்துக்கு 1,16,000 டாலர் அபராதம். வேலை ஏறக்குறைய ஒரு வருடம் நின்றது. மறுபடி தொடங்கும்போது கேமராவும், ஸ்லிங்கில் எவ்வளவு எடை இருக்கிறது என்று காட்டும் கருவியும் வந்தன.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று. தூக்கும்போது எல்லோரும் எடையைப் பார்க்கிறோம். இறக்கும்போதும் பார்க்க வேண்டும். எதிர்பாராத இடத்தில் லோடு செல் (எடை காட்டும் கருவி) எண் குறைந்தால் நிறுத்திவிடுங்கள், கூடினாலும் நிறுத்திவிடுங்கள்.

நம் ஊரில் சட்டம் என்ன சொல்லிவந்தது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2025 நவம்பர் வரை இருந்த 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு, தூக்கும் இயந்திரங்களையும் சங்கிலி, ரோப் போன்றவற்றையும் வருடத்துக்கு ஒரு முறையாவது தகுதி பெற்ற ஆள் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்றது. ஓடும் கிரேன் பாதையில் ஆள் வேலை செய்தால் கிரேன் ஆறு மீட்டருக்குள் வரக் கூடாது என்பதும் அங்கேதான் இருந்தது. அணுசக்தித் துறை நிலையங்களில் இதையெல்லாம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் பார்த்துக்கொள்கிறது. நமக்குப் பெருமையான வேலைகளும் உண்டு. கல்பாக்கம் வேக ஈனுலையின் பிரதானக் கலன் சுமார் 13 மீட்டர் விட்டம். சாலையில் கொண்டுவர முடியாத அளவு என்பதால் தளத்திலேயே செய்து, 2009 டிசம்பரில் குழிக்குள் இறக்கினார்கள். அந்த அகலத்துக்குச் சுவர் மெல்லியது. அப்படிப்பட்ட பொருளில் எடையைவிட வடிவம் கோணாமல் இறக்குவதுதான் பெரிய பாடு.

போவதற்கு முன் ஸ்லிங் கோணத்தை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். 10 டன் சுமை, இரண்டு கால் ஸ்லிங். நேராகத் தொங்கினால் காலுக்கு 5 டன். கிடைமட்டத்திலிருந்து 60 பாகை என்றால் 5.8. 45 பாகைக்கு 7.1. 30 பாகைக்கு ஒவ்வொரு காலிலும் முழு 10 டன். ஹூக் உயரம் போதவில்லை என்று ஸ்லிங்கைப் படுக்கவிடும்போது இந்த எண்கள் ஞாபகம் வர வேண்டும்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த ஃபோர்மன் அண்ணன் ஒருவர், ஸ்லிங்கைக் கையில் எடுத்ததும் முதலில் எவ்வளவு தாங்கும் என்று எழுதிய டேக்கைத்தான் தேடுவார். இல்லையென்றால், "டேக் இல்லாதது ஸ்லிங் இல்லப்பா, வெறும் கயிறு, அந்தப் பக்கம் போடு" என்பார். அங்கே உங்களுக்கும் முதல் வாரம் அப்படித்தான் போகும். டேக், சான்றிதழ், லிஃப்ட் பிளான் (தூக்கும் திட்டம்), டூல் பாக்ஸ் டாக் (வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புப் பேச்சு). லிஃப்ட் பிளானைக் கையெழுத்துக்கு நீட்டும்போது முழுக்கப் படியுங்கள். எடை எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். டிராயிங்கில் இருக்கும் எடையா, எடை போட்டுப் பார்த்ததா, உள்ளே தண்ணீர் மிச்சம் இருந்தால் எவ்வளவு கூடும்? புதிதாக வந்தவர் கேட்கிறார் என்று யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சுளித்தாலும் கேளுங்கள். நிறுத்து என்று சைகை காட்ட யாருக்கும் உரிமை உண்டு, ஹெல்பருக்கும் உண்டு. சிக்னல்மேன் ஒருவர் சொல்வதை மட்டும் கேட்கும் ஆபரேட்டர், நிறுத்து என்பதை மட்டும் யார் சொன்னாலும் கேட்டாக வேண்டும்.

சம்பளம், கதிர்வீச்சு அளவு, மருத்துவப் பரிசோதனை பற்றியெல்லாம் நீங்கள் கேட்கவில்லை. வேண்டுமென்றால் தனிக் கேள்வியாகப் போடுங்கள், தெரிந்ததை எழுதுகிறேன்.