எட்டு அவுட் பாக்கி: கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

அமெரிக்காவில், சியாட்டிலுக்குப் பக்கத்தில் பெல்வியூவில் குடியிருக்கிறோம். என் மகனுக்குப் பத்து வயது. சியாட்டில் மாரினர்ஸ் என்ற பேஸ்பால் அணி என்றால் உயிர். 2025 அக்டோபர் 20 அன்று டொராண்டோவிடம் அரையிறுதி மாதிரியான தொடரின் ஏழாவது, கடைசி மேட்சில் தோற்றார்களே, அன்று இரவு அவன் அழுததைப் பார்த்துப் பயந்தே போய்விட்டேன். மறுநாள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றான். நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். சி.எஸ்.கே. தோற்றால் எனக்கும் வருத்தம்தான், ஆனால் இரண்டு மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும். இதுவோ ஆறு மாதம், 162 மேட்ச். அதுவும் வேர்ல்ட் சீரிஸ் என்கிற இறுதித் தொடருக்கு ஒரு தடவைகூடப் போகாத டீம். ஒரு குழந்தை இதில் இவ்வளவு மனசை வைக்கலாமா? "அடுத்த வருஷம் ஜெயிப்பாங்கடா" என்று சொன்னேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். தடுப்பதா, விடுவதா? கூட உட்கார்ந்து பார்க்கலாம் என்றால் எனக்கு அந்த ஆட்டம் பிடிபடவே இல்லை. நீங்கள் சியாட்டிலில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

ஒரு வாசகர், பெல்வியூ

அன்புள்ள நண்பருக்கு,

தடுக்காதீர்கள்.

அந்த இரவு உங்கள் மகன் அழுததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் ஒரு அணிக்கு மூன்று அவுட். ஏழாவது இன்னிங்ஸில் 3-1 என்று மாரினர்ஸ்தான் முன்னால் இருந்தார்கள். டொராண்டோ ஆட்கள் இரண்டு பேர் ரன் எடுக்க ஓடும் வழியில் இரண்டாவது, மூன்றாவது பேஸில் நிற்க, ஒரு அவுட் விழுந்திருந்தது. பந்து எறியும் பிட்சரை மாரினர்ஸ் மாற்றினார்கள். ஜார்ஜ் ஸ்பிரிங்கர் அடித்த பந்து இடப்பக்கச் சுவரைத் தாண்டிப் போய் விழுந்தது. இப்படிச் சுவரைத் தாண்டும் அடிதான் ஹோம் ரன். பேஸில் நின்ற இருவரும் அடித்தவரும் சேர்த்து ஒரே அடியில் மூன்று ரன், 4-3. இன்னும் எட்டு அவுட் எடுத்திருந்தால், 1977இல் தொடங்கிய அணி முதல் தடவையாக வேர்ல்ட் சீரிஸ் ஆடியிருக்கும். ஒன்பதாவது இன்னிங்ஸில் மாரினர்ஸின் ஹூலியோ ரோட்ரிகஸ் மூன்று ஸ்ட்ரைக் வாங்கி, அதாவது ஸ்ட்ரைக் அவுட் ஆகி எல்லாம் முடிந்தபோது, அடுத்து இறங்க வேண்டிய கேல் ராலி மட்டையோடு காத்திருந்தார். அந்த சீசனில் 60 ஹோம் ரன் அடித்த மனிதர். இன்னும் ஒருவர் பேஸில் ஏறியிருந்தால் அவருக்கு முறை வந்திருக்கும். பத்து வயதுப் பையனுக்கு இதையெல்லாம் யாரும் விளக்கத் தேவையில்லை, அவனே பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பான். அழாமல் என்ன செய்வான்?

ஆனால் 162 மேட்ச் என்பதை நீங்கள் பாரமாகப் பார்க்கிறீர்கள். எனக்கு அதுதான் இந்த ஆட்டத்தின் அருமையாகத் தெரிகிறது. ஐ.பி.எல்.லில் ஒரு அணிக்கு லீக் சுற்றில் 14 மேட்ச். இரண்டில் தோற்றாலே வயிறு கலங்கும். பேஸ்பாலில் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை ஏறக்குறைய தினமும் ஆட்டம். எவ்வளவு பெரிய அணியும் தோற்றுக்கொண்டேதான் இருக்கும். 2001இல் இதே மாரினர்ஸ் 116 மேட்ச் ஜெயித்தார்கள். 1906இல் சிகாகோ கப்ஸ் வைத்த சாதனைக்குச் சமம். அந்த வருஷமும் 46 மேட்ச் தோற்றார்கள், அப்புறம் நியூயார்க் யாங்கீஸிடம் அரையிறுதி மாதிரியான தொடரிலும் தோற்று வெளியே வந்தார்கள். 2025இல் 90 வெற்றி, 72 தோல்வி. அந்த 72ஐயும் தாங்கிக்கொண்டு மறுநாள் மறுபடி ஆட்டத்துக்கு வந்து உட்கார்ந்தவன் உங்கள் மகன். அவன் உறுதியைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம்.

செப்டம்பர் 24 இரவு பற்றி அவனிடம் கேட்டுப் பாருங்கள். அன்றுதான் ராலி 60ஐத் தொட்டார், அன்றே 2001க்குப் பிறகு முதல் தடவையாக டிவிஷன் பட்டமும், அதாவது தங்கள் பிரிவில் முதலிடமும் வந்தது. பிட்சர் எறியும் பந்தை மட்டைக்காரருக்குப் பின்னால் இருந்து பிடிக்கும் கேட்சராக இருந்துகொண்டு 60! ஒவ்வொரு பந்துக்கும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழும் வேலை அது, முழங்கால் என்னவாகும் என்று யோசியுங்கள். அதற்கு முன் எந்த கேட்சரும் ஒரு சீசனில் 48ஐத் தாண்டியதில்லை. அப்புறம் அக்டோபர் 10, டெட்ராய்டுக்கு எதிராகப் பதினைந்து இன்னிங்ஸ், ஏறக்குறைய ஐந்து மணி நேரம், கடைசியில் ஹோர்ஹே போலாங்கோ அடித்த ஒரு அடியில் வெற்றி. பையன் இவற்றைச் சொல்லும்போது முகத்தைக் கவனியுங்கள். இந்த சீசனில் அவனுக்கு என்ன கிடைத்தது என்பது தெரிந்துவிடும்.

டேவ் நீஹாஸ் என்று ஒருவர் இருந்தார். மாரினர்ஸின் முதல் ஆட்டத்திலிருந்து 2010 வரை, 34 சீசன் அவர்தான் வர்ணனை. ஜெயித்ததைவிட அதிகம் தோற்காத ஒரு சீசனைப் பார்க்கவே அந்த அணி 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் சாகும்வரை தன் அணியை வேர்ல்ட் சீரிஸில் வைத்து ஒரு பந்தைக்கூட வர்ணிக்க வாய்க்கவில்லை. ஆனாலும் நான் அங்கே இருந்த வருஷங்களில் ஆகஸ்ட் மாதத்து ஒன்றுமில்லாத ஆட்டத்தைக்கூட ஆசையாகக் கேட்க வைத்தது அவர் குரல்தான். வேலை முடிந்து காரை வீட்டுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, அந்த இன்னிங்ஸ் முடியட்டும் என்று உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். பட்டியலில் அணி எந்த இடம் என்று அப்போது நினைத்துக்கூடப் பார்க்கமாட்டேன். மைதானத்தில் இன்று அவருக்குச் சிலை இருக்கிறது. மைக்குக்கு முன்னால், ஸ்கோர் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் ஒரு இடம் காலியாக விட்டிருக்கிறார்கள். மகனைக் கூட்டிக்கொண்டு போய் அங்கே உட்கார வையுங்கள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அவன் கேட்டது மிகச் சரியான கேள்வி. தெரியாது என்றே சொல்லிவிடுங்கள். 2001க்குப் பிறகு பிளேஆஃப் பக்கம் எட்டிப் பார்க்கவே இந்த அணிக்கு 2022 வரை ஆனது. அந்த செப்டம்பர் 30 அன்று ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், 1-1. மாற்று ஆட்டக்காரராக வந்த இதே ராலி ஒரு ஹோம் ரன் அடித்துக் கதவைத் திறந்தார். இடையில் இருந்த வருஷங்களில் யாராலும் தேதி சொல்ல முடிந்ததில்லை. சொல்ல முடியாமலே ஆயிரக்கணக்கானவர்கள் போய் உட்கார்ந்தார்கள். உங்கள் மகனுக்கும் தேதி தேவைப்படாது. கூட ஒரு ஆள் இருந்தால் போதும்.

அந்த ஆள் நீங்களாக இருக்க ஒரு சுலபமான வழி சொல்கிறேன். ஒரு ஸ்கோர் புத்தகமும் பென்சிலும் வாங்குங்கள். களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் எண் உண்டு. பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாவது 4, மூன்றாவது 5, இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6, வெளிக்களத்தில் இடமிருந்து வலமாக 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் பந்தைப் பொறுக்கி முதல் பேஸுக்கு எறிந்து அவுட் ஆக்கினால் 6-3 என்று எழுத வேண்டும். ஸ்ட்ரைக் அவுட் என்றால் ஆங்கில 'கே' எழுத்து. மட்டையைச் சுழற்றாமல் நின்றபடியே அவுட் ஆனால் அதையே திருப்பிப் போட வேண்டும். நாலைந்து ஆட்டம் இப்படி எழுதினால் ஆட்டம் தானாகப் பிடிபடும். சந்தேகம் வந்தால் பையனைக் கேளுங்கள், அவன் சந்தோஷமாகச் சொல்லித் தருவான்.

பிப்ரவரியில் அரிசோனாவில் இருக்கும் பியோரியாவில் பயிற்சி தொடங்கிவிடும். சீசனில் அணி கிழக்குக் கரைக்குப் போகும்போது உங்கள் ஊரில் மாலை நாலு மணிவாக்கில் ஆட்டம் ஆரம்பிக்கும். பள்ளி விட்டு வந்ததும் ரேடியோவைப் போட்டுவிடலாம். உள்ளூர் ஆட்டங்கள்தான் தூக்கத்தைக் கெடுக்கும். 2023இல் பிட்சர் பந்தை எறிய நேர வரம்பு வைத்துக் கடிகாரம் வைத்தபின் ஆட்டம் சராசரியாக இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடிகிறது என்றாலும், ஏழு மணிவாக்கில் தொடங்கினால் சின்னப் பையனுக்கு நேரமாகிவிடும். பள்ளி நாட்களில் ஏழாவது இன்னிங்ஸோடு அவனைப் படுக்கச் சொல்லிவிட்டு, மீதி இரண்டு இன்னிங்ஸை நீங்கள் எழுதி வையுங்கள். காலையில் இட்லி சாப்பிடும்போது படித்துப் பார்ப்பான். தப்பாக எழுதியிருந்தால் திருத்துவான்.

அன்புடன்.